சொளவில் வைத்த பாட்டு

பேச்சித்தாய் மடியில் மூங்கில் முறமான சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஊறின இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, ஒரு சிட்டிகை தூளை நீளவாக்கில் தூவி, உருட்டி, முனையை நகத்தால் மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்து, அடுத்த இலையை எடுத்து உருட்டத் தொடங்கியபோதுதான், பாயில் கிடந்த பிள்ளை பாயைவிட்டு ஒரு முழம் மேலே எழும்பி, மல்லாந்தபடியே காலை ஆட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தாள். எடுத்த இலையைப் பாதியில் விட்டால் பிரிந்துவிடும் என்பதால் அதையும் சுற்றி முடித்துப் போட்டாள். பிறகு பிள்ளையின் வயிற்றில் கை வைத்து அமுக்கினாள். அமுங்கினான். கையை எடுத்ததும், கிணற்றுத் தண்ணீரில் வெறுங்குடத்தை அமுக்கிவிட்டால் எப்படி வருமோ அப்படி மேலே வந்தான். வந்து சிரித்தான்.

அது ஆடி மாதம். ஊசிமேடு மலைக் கணவாய்க்கு நேர் கீழே இருக்கிற ஊர். ஆடியில் மேல்காற்று கணவாய் வழியாக இறங்கி, சுற்றிலும் நட்டிருக்கிற காற்றாலைகளை எல்லாம் சுற்றவைத்துவிட்டு, வேலை முடிந்தவன் வீட்டுக்கு வருவதுபோல ஊருக்குள் வரும். அடுப்பை அணைக்கும், கொடியில் கிடக்கிற துணியைக் காயவைத்து அதுவே மடித்தும் வைக்கும், கீழத்தெருவில் ஒருத்தி புருஷனைத் திட்டினால் அதைச் சிந்தாமல் கொண்டுபோய் மேலத்தெருவில் போடும். இவ்வளவும் செய்கிற காற்று ஆறு மாதப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டதில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. புருஷனின் அண்ணன் பெண்டாட்டி ஆவுடை மைனிதான் முதலில் வந்து பார்த்தாள்.

"ஏட்டி, எப்பருந்து இப்படிக் கெடக்கான்?"

"இப்பதான் மைனி."

"பால் குடிச்சானா?"

"குடிச்சான்."

"பெறவென்ன. கெடக்கட்டும். தொட்டில் கட்டுத வேலை மிச்சம்."

சுடலைமணி என்று பெயர் வைத்திருந்த அந்தப் பிள்ளை, முதலில் முழ உயரத்தில் கிடந்தான், பிறகு பரண் உயரத்தில் கிடந்தான், பிறகு ஓட்டில் தலை இடிக்கிறது என்று வெளியே கொண்டுவந்தார்கள். பீடிக் கடைக்கு முன்னால் தகரம் இறக்கின கொட்டகை, அதில்தான் தெருப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள், அதன் இரும்புக் காலில் ஒரு சேலைக் கிழிசலைக் கட்டி, மறு நுனியைப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் முடிந்து, மேலே விட்டார்கள். ஏறஏறக் கிழிசல் போதாமல் ஆகும். தெருவுக்கே சித்தியான உலகம்மை சித்தி நீலச் சேலையில் ஒரு பட்டை கிழித்துத் தந்தாள், டெய்லர் கடையிலிருந்து ஜம்பர் தைத்த மிச்சத் துணி வந்தது, வீட்டுக்கு வீடு ஒரு பட்டை வந்து முடிச்சு முடிச்சாக நீண்டு, கடைசியில் அந்தக் கயிற்றைப் பார்த்தே தெருவில் யார் யார் என்ன கட்டியிருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். பால் கொடுக்க வேண்டுமானால் பேச்சித்தாய் கிணற்றில் வாளி இழுப்பதுபோல இழுத்து இறக்கி, சேலைக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு கொடுப்பாள். குடித்து முடித்ததும் போய்விடுவான்.

ஊர் பழகிக்கொண்டது. காற்றாலை என்ஜினீயர்கள் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத் தங்கள் கருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார்கள். மழை வருமா என்று கேட்க வந்தவர்கள் அவன் வாயில் எச்சில் வடிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்கள். இதுவரை முக்கில் நிற்காமல் போன பஸ், டிரைவர் பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டதால் கொட்டகை முன்னாலேயே நிற்கத் தொடங்கியது. அங்கன்வாடி ஜான்சி டீச்சர் மட்டும்தான் சடைத்துக்கொண்டாள். மாதா மாதம் எடை பார்த்துத்தான் சத்துமாவு கொடுக்க வேண்டும், இவனைத் தராசில் வைத்தால் முள் அசையவே மாட்டேன் என்கிறது, தராசை அல்லவா மேலே தூக்குகிறான். கோட்டயத்தில் பரோட்டா போடுகிற தங்கப்பழம், பிள்ளையின் அப்பா, வாராவாரம் போன் போட்டான்.

"இப்ப எவ்ளோ ஒயரம்ட்டி?"

"போஸ்ட் மரம் ஒசரம்."

"கரண்டு கம்பி பக்கத்துல விட்ராத."

"ம்."

"வேற ஒண்ணும் விசேஷம் இல்லியே?"

"இல்ல."

பேச்சித்தாய் அவ்வளவுதான் பேசுவாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் இருக்கிற இடத்தில் தலையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். "பேருதான் பேச்சி. பேச்சு எல்லாம் இவ அம்மை வீட்டுலயே இறக்கி வச்சிட்டு வந்துட்டா" என்று உலகம்மை சித்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இவளும் சொளவைப் பார்த்துக்கொண்டே சிரித்துவைப்பாள்.

அந்த வருஷம்தான் ஊதுகுழல்கள் வந்தன. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாட்டுப் போட்டுக் காட்ட ஒரு ரெக்கார்டர் வேண்டும் என்று ஒரு காற்றாலைக் கம்பெனியிடம் எழுதிக் கேட்டிருந்தார். வந்தது ஒரு பெட்டி. திறந்தால் வெள்ளை பிளாஸ்டிக்கில் குழல் குழலாக இருந்தன, வாய் வைக்க அலகும் விரல் வைக்க ஓட்டைகளும், மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும்படி. இதற்கும் பெயர் ரெக்கார்டர்தானாம். "பாட்டுப் போடுததைக் கேட்டா பாட்டு ஊதுததை அனுப்பியிருக்கான்" என்று ஹெட்மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியை அங்கன்வாடியில் தள்ளிவிட, அங்கே பல் முளைக்கிற பிள்ளைகள் சிலதைக் கடித்து, மிச்சம் பீடிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன.

பெண்களுக்கு வாய் சும்மா இருந்தது. கை சும்மா இல்லை. அதனால் குழலைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஓட்டைகளைத் திறந்தபடியே விட்டு, சுற்றச் சுற்ற ஊதினார்கள். ஒருத்தியின் குழல் நழுவி அடி முனை முழங்காலில் போய் முட்டியது. முட்டியதும் சத்தம் இறுகி, எருமை கனைப்பதுபோல ஒன்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் முட்டியில் வைத்து ஊதிப் பார்த்தார்கள். இன்னொருத்தி ஊதிக்கொண்டே உள்ளுக்குள் முனகினாள், இரண்டும் உரசிப் பம்புசெட்டு மாதிரி அதிர்ந்தது. நாக்கை உருட்டி ஊதினால் கோழி சிலிர்ப்பது வந்தது, தலைத்துண்டை மட்டும் கழற்றி விரலை உள்ளே விட்டு இழுத்தால் நாய் ஊளை வந்தது. ஊதாமல் ஓட்டைகளை விரலால் தட்டினால் தகரத்தில் முதல் தூறல் விழுகிற சத்தம்.

ஜான்சி டீச்சருக்கு இது பொறுக்கவில்லை. கோயிலில் பாடுகிற ஒரு மெட்டை விரல் வைத்து ஊதச் சொல்லிக்கொடுத்தாள். பெண்கள் பீடியைக் கீழே வைத்துவிட்டு, அழகாக, சேர்ந்து ஊதினார்கள். மேலே சுடலைமணி கை தட்டினான். தட்டிக்கொண்டே ஏறினான். கயிறு விண்ணென்று இழுத்தது, அன்றைக்கு மட்டும் இரண்டு பட்டை கூடுதலாக முடிய வேண்டியிருந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். உலகம்மை சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. "இனி நம்ம தெருவை எவன் கேப்பான்!" என்று பக்கத்தில் இருந்தவளின் முதுகில் அறைந்தாள்.

புரட்டாசி பாதி போயிருந்த ஒரு மத்தியானம், ஆவுடை மைனி இலை வெட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "மேகாத்து போவப் போவுது. போன வருஷம் போவும்போது எம் பச்சைப் பாவாடையைத் தூக்கிட்டுப் போச்சு. கெழக்க எவளோ கெட்டிக்கிட்டு அலைவா."

"எங்க வீட்டுத் தகரத்தையே கொண்டுபோச்சு" என்றாள் ஒருத்தி.

மேல்காற்றுக்கு அது வழக்கம்தான். போகிற அன்று கொஞ்சங்கொஞ்சமாகப் போகாது. ஒரே மூச்சில், கட்டியது கட்டாதது என்று பார்க்காமல், கையில் இருக்கிறதை எல்லாம் எடுத்துக்கொண்டு கிழக்கே கடலுக்குப் போய்விடும். இன்னொருத்தி தன்னுடைய பிளாஸ்டிக் குடத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். எல்லோரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள். கயிற்றின் நுனியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

"கயிறை மாத்தி நைலான் போடுவோம்" என்றாள் மைனி.

பேச்சித்தாய் அன்றைக்குப் பால் கொடுக்கும்போது அரைஞாணைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. நைலான் அறாது. பிள்ளை அறுந்துவிடுவான். அவனாக இறங்கினால்தான் உண்டு, அவனுக்கு அவன் கனம் வந்தால்தான் உண்டு. இதை மைனியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், வாய் திறந்தாள், மைனி அதற்குள் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஆவுடை மைனியும் பக்கத்து வீட்டு இசக்கியும் ஒரே சமயத்தில் ஊதினார்கள். இசக்கி கையில் இருந்தது பிள்ளைகள் கடித்த குழல், மற்றதோடு சுருதி ஒட்டாது, ஒரு மயிரிழை கீழே இருக்கும். இரண்டும் சேர்ந்தபோது நடுவில் மூன்றாவதாக ஒன்று, ஊதாத ஒன்று, "வ்வ வ்வ வ்வ" என்று துடித்தது, காதில் இல்லை, அடிவயிற்றில். "த்தூ, பல்லுக் கூசுது" என்று இருவரும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பேச்சித்தாய் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமணி ஒரு சாண் இறங்கியிருந்தான்.

சொல்ல வரவில்லை. வயதில் மூத்த அத்தனை பெண்களைப் பார்த்து, நீ இதை ஊது, நீ அதை ஊது என்று அவளால் சொல்லவே முடியாது. எழுதிக் காட்டலாம் என்றால் மைனிக்கு வாசிக்கத் தெரியாது, இவள் எழுத்தும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அதனால் சொளவில் இருந்த பீடியை எல்லாம் முந்தானையில் கொட்டிவிட்டு, இரண்டு நூலைத் தண்ணீரில் நனைத்து, ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவைத்து, சொளவை மைனி பக்கம் திருப்பினாள்.

"இது என்னட்டி?"

பேச்சித்தாய் ஒரு நூலைத் தொட்டு மைனியைக் காட்டினாள். இன்னொன்றைத் தொட்டு இசக்கியைக் காட்டினாள். பிறகு மேலே காட்டினாள்.

ஊதினார்கள். பிள்ளை இன்னொரு சாண் இறங்கினான். ஆவுடை மைனி குழலை வாயிலிருந்து எடுத்து, பிள்ளையைப் பார்த்து, சொளவைப் பார்த்து, பேச்சித்தாயைப் பார்த்தாள். "அப்ப இன்னும் வையிட்டி" என்றாள்.

அன்றிலிருந்து பேச்சித்தாய் சொளவில் பாட்டு வைக்கத் தொடங்கினாள். நீள நூல் என்றால் மூச்சு தீருமட்டும் இழுக்க வேண்டும், நூலில் முடிச்சு விழுந்தால் நாக்கால் வெட்ட வேண்டும். வட்டமாக நறுக்கின ஈர இலை, முட்டியில் அடைத்து ஊதுவது. கத்திரியில் சுருண்டு விழுகிற இலைச்சுருள், ஊளை. தூளைத் தூவியிருந்தால் ஊதக் கூடாது, தட்ட மட்டும் வேண்டும், கூட்டமாகத் தூவியிருந்தால் வேகமாக, அங்கொன்று இங்கொன்று என்றால் மழை விட்ட பிறகு சொட்டுவதுபோல. ஈரம் காய்வதற்குள் ஊதி முடிக்க வேண்டும், காய்ந்தால் காற்று பாட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். சொளவை நடுவில் வைத்து, அவள் விரல் இடமிருந்து வலம் மெல்லப் போக, விரல் போகும் வேகத்தில் பெண்கள் ஊதினார்கள். எந்தச் சத்தம் எவ்வளவு கனம் என்று அவள் நாளுக்கு நாள் கண்டுபிடித்தாள். முனகல் கனம். ஒட்டாத இரண்டு குழல் அதைவிடக் கனம். அழகாக எது வந்தாலும் பிள்ளை ஏறினான்.

தெருவில் முணுமுணுப்பு வந்தது. ஆம்பிளைகள் காதைப் பொத்திக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். பஸ் டிரைவர் இந்தச் சத்தத்தில் என்ஜின் கெட்டுவிட்டதென்று நினைத்து இறங்கி இறங்கிப் பார்த்தார். உலகம்மை சித்தி நேராகவே கேட்டுவிட்டாள்.

"இதெல்லாம் ஒரு பாட்டாட்டி? எழவு வீட்டுல மாட்டுக்கு வயித்துவலி வந்தாப்ல இருக்கு. பறக்குத பிள்ளை எந்த ஊர்ல இருக்கு? அதைப் போய் இழுத்துக் கீழ போடணும்ங்கியே. இறங்கிட்டான்னா பெறவு பஸ் நிக்குமா இங்க?"

பேச்சித்தாய் சொளவைப் பார்த்தாள். ஆவுடை மைனிதான், "பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும் சித்தி. நீங்க ஊத வந்தா வாங்க, இல்லன்னா இலையைக் கிள்ளுங்க" என்றாள். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எழுந்து போகவில்லை. அவளுக்குத்தான் மூச்சு அதிகம், அவள் இழுத்தால் மற்றவர்கள் இரண்டு தரம் மூச்சு வாங்க வேண்டும், அது அவளுக்கும் தெரியும்.

காற்று போன அன்று, விடிந்ததிலிருந்தே வெயில் மஞ்சளாக இருந்தது. உச்சிப்பொழுதில் காற்றாலைகள் எல்லாம் ஒன்றுபோல மெதுவாகி, யோசிப்பதுபோல நின்று, பிறகு இதுவரை சுற்றாத வேகத்தில் சுற்றத் தொடங்கின. ஜான்சி டீச்சரின் குடை கையிலிருந்து கழன்று கிழக்கே போனது. கயிறு சாய்ந்தது. இவ்வளவு நாள் தலைக்கு மேலே நின்ற பிள்ளை கிழக்குப் பக்கமாகச் சரிந்து, முடிச்சுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி இறுக, முதல் தரமாக அழுதான்.

பேச்சித்தாய் இழுக்கப் போகவில்லை. இழுத்தால் அரைஞாண் அறுக்கும். சொளவை எடுத்துக்கொண்டு தகரத்தை விட்டு வெளியே வந்து நடுவில் வைத்து, தண்ணீரில் கையை முக்கி, வேக வேகமாக நூலும் இலையும் வைத்தாள். பெண்கள் பீடியைப் போட்டுவிட்டு வட்டமாக நெருங்கினார்கள். அவள் விரல் நகர்ந்தது. தட்டல் தொடங்கியது. வெறும் மூச்சு வந்தது, பிறகு முனகல், பிறகு முட்டிகள் அடைத்த அத்தனை குழலும் ஒன்றையொன்று ஒட்டாமல் உரசி, கொட்டகைத் தகரம் அதிர, தரையில் வைத்த தூள் டப்பா தானாக நகர, பிள்ளை சாண் சாணாக இறங்கி வந்தான், போஸ்ட் மரத்துக்குக் கீழே, தகரத்துக்குக் கீழே, எட்டினால் கால் பிடிக்கிற உயரத்துக்கு. அதற்குக் கீழே வரவில்லை. காற்று அந்தப் பக்கம் பிடித்திருந்தது.

அங்கே பேச்சித்தாய் சொளவில் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு கையகலம் காலியாக விட்டிருந்தாள். விரல் அங்கே வந்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள், உலகம்மை சித்தி மட்டும் நிறுத்தவில்லை. வெறுமையாக விட்டால் பயமாக இருந்தது அவளுக்கு, பயத்தில் வாய்க்கு வந்தது டீச்சர் சொல்லிக்கொடுத்த அந்த அழகான மெட்டு. இரண்டு சுரம் போவதற்குள் பிள்ளை தகரத்துக்கு மேலே போய்விட்டான்.

"சித்தி, ஊதாதீய!" என்றாள் பேச்சித்தாய்.

தெரு முழுக்கக் கேட்டது. அவள் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். சொன்னதோடு விடாமல், சித்தியின் கையைப் பிடித்து இழுத்து, சொளவின் காலி இடத்தில் அதை விரித்து வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "இந்த எடத்துல ஒண்ணும் இல்ல சித்தி. இல்லாததையும் சேந்து ஊதணும்."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். தட்டல், மூச்சு, முனகல், அடைப்பு. பிள்ளை இறங்கினான். காலி இடம் வந்தது. உலகம்மை சித்தி கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, மூச்சைப் பிடித்தாள். எல்லோரும் பிடித்தார்கள். டீக்கடையில் ஆற்றுகிறவர் கையைத் தூக்கியபடியே நின்றார். அடுத்து என்ன வரும் என்று கேட்பதற்காகக் காற்றும் நின்றது. காற்றாலை ஒன்றுகூட அசையவில்லை, சொளவில் தூள்கூட அசையவில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் பிள்ளையைப் பிடித்திருக்க யாரும் இல்லாமல், சுடலைமணி பொத்தென்று பேச்சித்தாயின் மடியில் விழுந்தான். எட்டு மாதம் தாண்டின பிள்ளை, ஒன்பதாவதில் இருக்கிற பிள்ளை, அத்தனை கனமும் ஒன்றாக வந்து விழுந்ததில் அவளுக்குத் தொடை வலித்தது.

பிறகு காற்று போனது. முடிச்சுப் போட்ட கயிற்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு, நீலமும் பச்சையும் பூப்போட்டதுமாக, கிழக்கே போனது.

ஜான்சி டீச்சர் எடை பார்த்தாள், முள் நகர்ந்தது, சத்துமாவு கொடுத்தாள். பஸ் பழையபடி முக்கில் நிற்காமல் போனது. உலகம்மை சித்தி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் வந்து, "அந்த ஒண்ணும் இல்லாத எடத்தை இன்னும் கொஞ்சம் நீளமா வையேன்டி, எனக்கு இன்னும் மூச்சு பிடிக்கும்" என்றாள்.

இப்போது இறக்குவதற்கு யாரும் இல்லை. ஆனாலும் மத்தியானமானால் பெண்கள் குழலைக் கவ்விக்கொண்டு பேச்சித்தாயின் மடியைப் பார்க்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. வாடைக்காற்று தொடங்கி, இலை கொஞ்சம் வறண்டு போயிருந்த இன்றைக்கும் அவள் சொளவைக் காலி செய்து, நூலை நனைத்து, ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம் சும்மா இருக்கட்டும் என்கிற மாதிரி ஒரு பாட்டை, இடது ஓரத்தில் நாலைந்து தூள், பக்கத்தில் ஒரு சுருள், அதற்கப்புறம் இதுவரை எங்கேயும் வைத்திராத விதமாக நூலை நூலுக்குக் குறுக்கே போட்டு, அது என்ன சத்தம் என்று அவளுக்கே தெரியாமல், முனையைப் பிடித்துக்கொண்டு, இதை இப்படி விடுவதா, இல்லை கொஞ்சம் வளைத்து

"ஏட்டி பேச்சி! உம் மவன் தவந்துகிட்டே ரோட்டுக்குப் போயிட்டாம்ட்டி, ஓடியா!"